எதிராளிக்குத் தண்ணி காட்டிய ஃபாப்ரிஸ் சான்டோரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2010 ஜனவரியில் மெல்போர்னில் கடைசி ஒற்றையர் ஆட்டத்தை ஆடிவிட்டு விடைபெற்றார் ஃபாப்ரிஸ் சான்டோரோ. இன்றும் டென்னிஸ் பேச்சு வந்தால், "அந்த மாதிரி ஒருத்தர் இனிமேல் வருவாரா?" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரை நேரலையில் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும், பிறகு வந்தவர்கள் பழைய காணொளிகளைப் பார்த்துக் குழம்பிக் கேட்பவையும் இங்கே இருக்கின்றன.

யார் இந்த சான்டோரோ?

பிரெஞ்சு வீரர். பசிபிக் கடலில் உள்ள டஹிட்டித் தீவில் 1972 டிசம்பர் 9 அன்று பிறந்தவர். 1989-ல் ரோலான் காரோஸில் (பிரெஞ்சு ஓபன்) ஜூனியர் பட்டம் வென்றார். அதே ஆண்டு, 16 வயதிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். ஒற்றையரில் 6 பட்டங்கள்: 1997 லியோன், 1999 மார்செய், 2000 தோஹா, 2002 துபாய், 2007-லும் 2008-லும் நியூபோர்ட். அந்தக் கடைசிப் பட்டத்தை வென்ற இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ். தரவரிசையில் எட்டிய உச்சம் 17-வது இடம், 2001-ல்.

ஒற்றையரில் மொத்தக் கணக்கு 470 வெற்றி, 444 தோல்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏறக்குறைய வென்ற அளவுக்குத் தோற்றவரை ஏன் இத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இங்குள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

'மந்திரவாதி' என்ற பட்டப்பெயர் யார் வைத்தது?

அமெரிக்க நட்சத்திரம் பீட் சாம்ப்ராஸ். அனுபவித்தவர் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு. 1998 மான்டி கார்லோ களிமண் தரையில் சாம்ப்ராஸை 6-1, 6-1 என்று வீட்டுக்கு அனுப்பினார் சான்டோரோ.

அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன வித்தியாசம்?

ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் (வலதுகைக்காரருக்கு வலப்பக்க அடி, இடப்பக்க அடி) இரண்டையும் இரண்டு கைகளால் ஆடினார். அது மட்டும் என்றால் பெரிய அதிசயம் இல்லை. மோனிகா செலஸ் அப்படி ஆடினார். 2013 விம்பிள்டனை வென்ற மரியோன் பார்த்தோலியும் அப்படித்தான். ஆனால் அவர்கள் இருவரும் இரண்டாவது கையைப் பலத்துக்காகச் சேர்த்தவர்கள். சான்டோரோ அதை வெட்டுவதற்குப் பயன்படுத்தினார். ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் இரண்டு கைகளால் ஸ்லைஸ் (பந்தை வெட்டிப் பின்சுழற்சி கொடுக்கும் அடி) போடுவது, அதையே முதன்மை அடியாக வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் பிழைப்பு நடத்துவது, இதை வேறு யாரும் அந்த மட்டத்தில் செய்யவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் விளையாட்டுத்தனம் போலத் தெரியும். மெதுவாக ஒரு பந்து, உயரமாக ஒன்று, வலையை உரசிக்கொண்டு ஒன்று, திடீரென்று தட்டையாக ஓர் அடி. ஆனால் 5 அடி 10 அங்குல உயரம், மிதமான சர்வ், ஓங்கி அடித்துப் புள்ளியை முடிக்கும் தோள்பலம் கிடையாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முதல் இருபதுக்குள் வர அவருக்கு இருந்த ஒரே வழி, அடுத்தடுத்த இரண்டு பந்துகளை ஒரே மாதிரி கொடுக்காமல் இருப்பது. அவர் விளையாட்டாகச் செய்ததாகத் தெரிந்தவை எல்லாம் கணக்குப் பார்த்துச் செய்தவை.

ஸ்லைஸ் பந்து தாழ்வாக வருவதற்குக் காரணம் பின்சுழற்சிதானே?

பாதி சரி. இந்த இடத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பின்சுழற்சி காற்றில் பந்தைத் தாங்கிப் பிடிக்கும். டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) பந்தைக் கீழே அமுக்குவது போல, இது மேலே ஏந்தும். அதனால் வேகம் குறைந்த பந்தும் வலைக்கு மிக அருகில், கிட்டத்தட்ட நேர்கோட்டில் மிதந்து ஆழமாகப் போய் விழும். விழும் கோணம் சரிவாக, தரையை ஒட்டினாற்போல் இருப்பதால் துள்ளலும் தாழ்வாக இருக்கிறது. புல்தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.

அதே பின்சுழற்சியோடு பந்து உயரத்திலிருந்து செங்குத்தாக விழுந்தால் கதை மாறும். சுழற்சி தரையைக் கவ்வி, பந்தின் முன்னோட்டத்தை நிறுத்தி, அதை அங்கேயே எழுப்பிவிடும். வலையை ஒட்டி விழச் செய்யும் டிராப் ஷாட்டுக்கு இதுதான் வேண்டும். ஆழமான ஸ்லைஸுக்கு இதுவே எமன். உயரமாக மிதந்து பாதி மைதானத்தில் விழும் ஸ்லைஸ், எதிராளிக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி.

ஆக, ஒரே கைவீச்சில் கோணத்தை மட்டும் மாற்றினால் இரண்டு வேறு பந்துகள் கிடைக்கும். இதைத்தான் சான்டோரோ நாள் முழுக்கச் செய்தார். வீச்சின் தொடக்கம் ஒன்றுதான் என்பதால், பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்வரை எது வருகிறது என்று எதிராளிக்குத் தெரியாது.

பந்து பக்கவாட்டில் வளைந்ததும் உண்மையா?

உண்மைதான். வலதுகைக்காரர் ஃபோர்ஹேண்ட் ஸ்லைஸில் ராக்கெட்டை நேராக இறக்காமல், வலமிருந்து இடமாகப் பந்தின் பின்புறத்தை வழித்துவிட்டால் பக்கச் சுழற்சி சேரும். பந்து காற்றில் அடித்தவரின் வலப்பக்கமாக வளையும். கோட்டை ஒட்டி நேராக அடித்தால், எதிரே நிற்கும் வலதுகைக்காரரின் பேக்ஹேண்டை விட்டு விலகிப் போகும். குறுக்காக அடித்தால் அவர் உடம்புக்குள் வந்து நுழையும். ஓடிப்போய்ச் சரியாக நின்றுவிட்டோம் என்று நினைத்தவர், கடைசி நொடியில் ஓரடி தள்ளி நிற்க வேண்டியதாகிவிடும். சான்டோரோவோடு ஆடியவர்கள் கடைசி நேரத்தில் இடுப்பை ஒடித்துக்கொண்டு அடிப்பதைக் காணொளிகளில் நிறையப் பார்க்கலாம்.

இரண்டு கையால் ஆடுவதில் நஷ்டம் எதுவும் இல்லையா?

உண்டு. கை எட்டும் தூரம் குறைகிறது. ஒற்றைக் கையால் எட்டிப் பிடிக்கும் பந்துக்கு இவர் இன்னும் ஓர் எட்டு வைத்தாக வேண்டும். இருபக்கமும் இந்தக் குறை இருப்பதால் கால்கள் ஓயாமல் ஓட வேண்டும். சான்டோரோவின் கைத்திறமையைப் பேசுகிறவர்கள் அவருடைய கால்களைப் பேசுவதில்லை. பந்து வருவதற்குள் அவர் வைக்கும் சின்னச் சின்ன அடிகளை எண்ணிப் பாருங்கள். அவை இல்லாமல் அந்தக் கைகளால் ஒன்றும் ஆகியிருக்காது.

லாபம், ராக்கெட் முகம் அசையாமல் நிற்பது. வேகமான சர்வைத் திருப்பும்போது ஒற்றைக் கை ஸ்லைஸ் தள்ளாடும். இரண்டு கை பிடித்தால் சுவரில் பட்டதுபோல் திரும்பும். பெரிய சர்வ்காரர்கள் அவரைப் பார்த்து எரிச்சல்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

மராட் சாஃபின் ஏன் அவரிடம் அப்படித் திணறினார்?

ஏழு முறை சான்டோரோ வென்றார், இரண்டு முறை சாஃபின். சாஃபின் உலகின் முதல் இடத்தில் இருந்தவர், 2000 யுஎஸ் ஓபனில் சாம்ப்ராஸையே இறுதியாட்டத்தில் துவைத்து எடுத்தவர். அந்தக் கோப்பையைத் தூக்கிய சூடு ஆறுமுன், அதே மாதம் சிட்னி ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே சான்டோரோவிடம் தோற்றார்.

சாஃபின் ஆறடிக்கு மேல் நாலு அங்குலம். இடுப்புக்கும் மார்புக்கும் இடையே வரும் பந்தை, எதிராளி கொடுத்த வேகத்தையே வாங்கிக்கொண்டு தட்டையாக விளாசுவார். சான்டோரோ கொடுத்த பந்தில் கடன் வாங்க வேகமே இருக்காது. முழங்காலுக்குக் கீழே வரும். உயரமானவர் குனிந்து, தன் சொந்த பலத்தில் பந்தைத் தூக்கி, வலையைத் தாண்டவும் வைத்து, கோட்டுக்குள்ளும் இறக்க வேண்டும். ஒருமுறை செய்யலாம். ஒரு மணி நேரம் செய்தால் தொடை கடுக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தாளம். ஓங்கி அடிப்பவர்களுக்கு ஒரே மாதிரி பந்து நாலைந்து வர வேண்டும், அப்போதுதான் நேரம் கைகூடும். சான்டோரோவிடம் அந்தத் தாளம் கிடைக்காது. பொறுமை குறைந்தவருக்கு இது பெரிய சித்திரவதை. சாஃபினிடம் இல்லாத ஒரே சரக்கு பொறுமைதான் என்பது ஊரறிந்த விஷயம்.

அப்படியானால் அவரை யார்தான் அடித்தார்கள்? எப்படி?

444 தோல்விகள் சும்மா வரவில்லை. அவரை வெல்ல மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, அவருடைய இரண்டாவது சர்வைக் கோட்டுக்குள் ஏறி நின்று அடிப்பது. புள்ளி தொடங்கும்போதே அவர் ஓட ஆரம்பித்துவிட்டால் வித்தை காட்ட நேரம் இருக்காது.

இரண்டாவது, அவசரப்படாமல் இருப்பது. தாழ்ந்த பந்தை விளாசாமல் ஆழமாகத் திருப்பி, உயரமான பந்துக்குக் காத்திருப்பது. 2006 ஆஸ்திரேலிய ஓபனில், 33 வயதில், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் காலிறுதிக்கு வந்தார் சான்டோரோ. எதிரே டேவிட் நல்பாண்டியன். முதல் செட் நல்பாண்டியனுக்கு 7-5. அதற்குப் பிறகு 6-0, 6-0. நல்பாண்டியன் இரண்டு பக்கமும் சமநிலை குலையாமல், பந்தைச் சீக்கிரமே எடுத்து அடிக்கக்கூடியவர். குழப்ப அங்கே ஒன்றுமில்லை.

மூன்றாவது, அவரைப் போலவே கைவண்ணம் கொண்டவர்கள். ரோஜர் ஃபெடரரும் அவரும் 2005 யுஎஸ் ஓபன் இரண்டாம் சுற்றில் மோதியதைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். நேர் செட்களில் ஃபெடரர்தான் வென்றார், 7-5, 7-5, 7-6. ஆனால் ஸ்கோர் சொல்லாத சங்கதிகள் அதில் நிறைய.

இன்னொன்றையும் சேர்க்கலாம்: வயது. 2007 யுஎஸ் ஓபனில் ஜேம்ஸ் பிளேக்கை ஐந்தாவது செட்வரை இழுத்துப்போனார். தசைப்பிடிப்பு வந்து காலை இழுத்துக்கொண்டே ஆடித் தோற்றார். ஐந்து செட் போன ஒன்பது ஆட்டங்களிலும் அதுவரை தோற்றிருந்த பிளேக்குக்கு அதுதான் முதல் ஐந்து செட் வெற்றி.

6 மணி 33 நிமிட ஆட்டம் என்கிறார்களே, அது எது?

2004 ரோலான் காரோஸ் முதல் சுற்று, சக நாட்டுக்காரர் ஆர்னோ கிளெமோனோடு. 6-4, 6-3, 6-7, 3-6, 16-14. மே 24 அன்று தொடங்கி, ஐந்தாவது செட் 5-5 என்று இருக்கும்போது வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் தொடர்ந்தார்கள். வழியில் தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பி சான்டோரோ வென்றார். 2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மாயூவும் 11 மணி 5 நிமிடம் ஆடும்வரை அதுதான் பதிவான மிக நீண்ட ஒற்றையர் ஆட்டம்.

இப்படி ஒரு ஸ்கோர் இனி வராது. 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக் வைத்து முடித்துவிடுகிறார்கள். உடம்புக்கு நல்லது, ரசிகனுக்கு நஷ்டம்.

இரட்டையரில் இன்னும் பெரிய ஆள் என்கிறார்கள்?

பட்டங்களை வைத்துப் பார்த்தால் ஆம். 24 பட்டங்கள். மிக்கேல் லோட்ராவோடு சேர்ந்து 2003, 2004 ஆஸ்திரேலிய ஓபன்கள், 2005-ல் ஷாங்காய் மாஸ்டர்ஸ் கோப்பை. 2005 ரோலான் காரோஸ் கலப்பு இரட்டையரில் டேனியலா ஹண்டுச்சோவாவோடு ஆடி, இறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா – லியாண்டர் பயஸ் ஜோடியை வீழ்த்தினார்.

ஆனால் பிரெஞ்சு ரசிகர்கள் முதலில் சொல்வது, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையை 2001-ல் வென்றதை. இறுதிச்சுற்று மெல்போர்னில், புல்தரையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. ஒற்றையரில் ஆளுக்கொன்று வென்று 1-1 என்று இருந்தபோது, செட்ரிக் பியோலினோடு சேர்ந்து லெய்டன் ஹியூவிட் – பாட் ராஃப்டர் ஜோடியை வீழ்த்தினார். பிரான்ஸ் 3-2 என்று கோப்பையைக் கொண்டுபோனது. இரட்டையரில் எதிராளி வலைக்கு ஓடிவருவார், அவர் காலடியில் தாழ்வாகப் பந்தை இறக்குவதே பாதி வேலை. அந்த வேலைக்குப் பிறந்த கை அது.

ரமேஷ் கிருஷ்ணன் மாதிரியா?

தமிழ் ரசிகர்கள் தவறாமல் கேட்பது. இருவருக்கும் பொது: சர்வில் பயமுறுத்த எதுவுமில்லை, எதிராளியின் வேகத்தை அவருக்கே திருப்பி அனுப்பும் நுட்பம், பார்க்க அலுக்காத கை. வித்தியாசம் நோக்கத்தில் இருக்கிறது. ரமேஷ் பந்தைத் துள்ளியதும் எடுத்து, தட்டையாக, ஆழமாக, கோட்டை ஒட்டி வைப்பார். ஒழுங்கின் அழகு அது. 1989 ஆஸ்திரேலிய ஓபனில் உலகின் முதல் ஆட்டக்காரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியது அந்த ஒழுங்கை வைத்துத்தான். சான்டோரோ அந்த ஒழுங்கையே கலைப்பவர். ஒருவர் கோலம் போடுகிறார் என்றால், இன்னொருவர் எதிராளி போட்ட கோலத்தில் காலை வைக்கிறார்.

மன்சூர் பஹ்ராமி செய்யும் வேடிக்கைகளும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இரானில் பிறந்து பிரான்சில் குடியேறிய பஹ்ராமி, ஆறு பந்துகளை ஒரே கையில் பிடித்துக்கொண்டு சர்வ் போடுவது போன்றவற்றைக் காட்சி ஆட்டங்களில் செய்வார். அங்கே அவரும் எதிராளியும் சேர்ந்து கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார்கள். சான்டோரோ போட்டி ஆட்டத்தில், தரவரிசைப் புள்ளிகளும் பரிசுப் பணமும் பணயமாக இருக்கும்போது இதைச் செய்தார். எதிராளிக்குச் சிரிப்பு வராது. (பஹ்ராமியைக் குறைத்து எடைபோட வேண்டாம். 1989 ரோலான் காரோஸ் இரட்டையர் இறுதிவரை வந்தவர் அவர்.)

அந்த ஸ்லைஸையும் டிராப் ஷாட்டையும் பழக வேண்டும். எங்கே தொடங்குவது?

ஒற்றைக் கையோ இரட்டைக் கையோ, தொடக்கம் பிடியில்தான். கான்டினென்டல் பிடி வேண்டும். ராக்கெட்டின் விளிம்பால் சுத்தியல் போல ஆணி அடிக்கப்போகிறோம் என்று நினைத்துப் பிடித்தால் அந்தப் பிடி தானாக வரும். இரண்டு கை என்றால் கீழ்க்கை இந்தப் பிடியில் இருக்கட்டும், மேல்கை சும்மா துணைக்கு. இரண்டு கைகளும் இறுக்கினால் பந்து செத்துவிடும்.

ஆழமான ஸ்லைஸுக்கு ராக்கெட் தோள் உயரத்தில் தொடங்கி, முன்னோக்கியும் கொஞ்சம் கீழ்நோக்கியும் போக வேண்டும். முகம் சற்றே மேல்நோக்கித் திறந்திருக்கும். பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்க வேண்டும், எடை முன்காலில். மணிக்கட்டு ஆடக்கூடாது. வலைக்கு மேல் அரை மீட்டருக்குள் போகப் பாருங்கள். வலை நடுவில் 0.914 மீட்டரும் கம்பத்தருகே 1.07 மீட்டரும் உயரம், அதனால் குறுக்காக, நடு வலைக்கு மேலே அடிப்பதே ஆரம்பத்தில் பத்திரம்.

டிராப் ஷாட்டுக்கு இப்படிப் படிப்படியாக ஏறுங்கள்:

1. சர்வீஸ் கோட்டில் நின்று, நீங்களே பந்தை விட்டு, துள்ளியதும் வலைக்கு மேல் மெதுவாகத் தட்டி அனுப்புங்கள். எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டைத் தாண்டுமுன் பந்து மூன்று முறை துள்ள வேண்டும். சர்வீஸ் கோடு வலையிலிருந்து 6.40 மீட்டர். இருபது பந்தில் பன்னிரண்டு சரியாக விழுந்தால் அடுத்த படி.

2. பேஸ்லைனுக்கும் (மைதானத்தின் பின்கோடு) சர்வீஸ் கோட்டுக்கும் நடுவில் நின்று, எதிரே ஒருவர் கையால் போடும் பந்தில் இதையே செய்யுங்கள். வலையிலிருந்து ஒன்றரை மீட்டரில் ஒரு துண்டை விரித்துக் குறி வையுங்கள். பந்தின் உச்சம் உங்கள் பக்கத்தில், வலைக்கு முன்பே இருக்க வேண்டும். உச்சம் வலைக்கு அப்பால் போனால் பந்து நீளமாகிவிடும்.

3. வேகமான பந்தில் பழகுங்கள். இங்கே வீச்சே வேண்டாம். பிடியின் இறுக்கத்தைப் பத்தில் மூன்றாகத் தளர்த்தி, வந்த வேகத்தை விழுங்கினால் போதும்.

4. ரேலியில் (இருவரும் தொடர்ந்து பந்தைப் பரிமாறும்போது) கொண்டுவாருங்கள். நான்கு ஆழமான ஸ்லைஸ், ஐந்தாவது டிராப். பிறகு எண்ணிக்கையை மாற்றி, எதிராளி யூகிக்க முடியாமல் செய்யுங்கள்.

டிராப்போடு, உயரத் தூக்கிப் போடும் லாப் அடியும் சேர்ந்தால்தான் சான்டோரோ பாணி. வலைக்கு ஓடிவந்தவர் தலைக்கு மேல் அடுத்த பந்து போக வேண்டும். குறுக்காகத் தூக்குங்கள். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் அகலம் 8.23 மீட்டர், மூலைவிட்டம் 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேராகத் தூக்குவதைவிடக் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கூடுதல் இடம் இலவசமாகக் கிடைக்கிறது.

டிராப் ஷாட் போட்டால் எதிராளி ஓடிவந்து அடித்துவிடுகிறார். என்ன தப்பு?

பெரும்பாலும் நீங்கள் நின்ற இடம்தான் தப்பு. பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து போட்டால் பந்து வலைக்குப் போய்ச் சேரவே 12 மீட்டருக்கு மேல். அந்த நேரத்தில் எதிராளி நடந்தே வந்துவிடுவார். நீங்கள் கோட்டுக்குள்ளும் அவர் கோட்டுக்கு வெளியேயும் இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

அடுத்த தப்பு, விறகு வெட்டுவது போல வெட்டுவது. சுழற்சி அதிகம் வேண்டுமென்று ராக்கெட்டைச் செங்குத்தாக இறக்கினால் பந்து வலையில் விழும், இல்லையேல் உயரமாக எழும்பி நின்று அடி வாங்கும். சுழற்சியைவிட மென்மைதான் முக்கியம்.

மூன்றாவது, காட்டிக்கொடுப்பது. வழக்கமாக டாப்ஸ்பின் அடிப்பவர் திடீரென்று ராக்கெட்டை உயர்த்தினால் எதிரே இருப்பவர் ஓடத் தொடங்கிவிடுவார். சான்டோரோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அவர் ராக்கெட் எப்போதும் உயரத்தில்தான் இருந்தது. முதலில் ஆழமான ஸ்லைஸை நிறையப் போட்டு அந்தத் தோற்றத்தை எதிராளிக்குப் பழக்கிவிடுங்கள்.

போட்டுவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதும் உண்டு. பந்து நன்றாக விழுந்தால் இரண்டு எட்டு முன்னால் வாருங்கள். எதிராளி எட்டிப் பிடித்துத் திருப்பும் பந்து பெரும்பாலும் குட்டையாகத்தான் வரும்.

ராக்கெட், ஸ்ட்ரிங் எப்படி இருக்க வேண்டும்?

மென்மையான மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த) ஸ்ட்ரிங், 22 முதல் 24 கிலோ இழுவிசை. விறைப்பான பாலியெஸ்டர், முழு வேகத்தில் வீசுபவர்களுக்கானது. மெதுவாகத் தட்டும்போது பந்து எங்கே பட்டது என்ற உணர்வே கைக்கு வராது. அதற்குமேல் ராக்கெட்டில் செலவழிக்க ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் இரட்டைக் கை என்றால் மட்டும், இரண்டு கையும் வசதியாக உட்காரும் அளவுக்கு நீண்ட கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வித்தைகளெல்லாம் விதிப்படி சரியா?

சர்ச்சை வரும் இடங்கள் இவை.

கையைத் தாழ்த்திப் போடும் சர்வ் செல்லும். பந்து தரையைத் தொடுமுன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எதிராளிக்குச் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் தயாராகும்வரை காத்திருந்தால் போதும்.

பின்சுழற்சியால் பந்து உங்கள் பக்கம் துள்ளிவிட்டுத் தானாகவே வலையைத் தாண்டித் திரும்பினால், நீங்கள் வலைக்கு மேலே கையை நீட்டி அதை அடிக்கலாம். அடிக்காமல் விட்டால், புள்ளி அந்தப் பந்தைப் போட்ட எதிராளிக்கு. உங்கள் உடம்போ உடையோ ராக்கெட்டோ வலையில் படக்கூடாது, எதிர்ப்பக்கத் தரையையும் மிதிக்கக்கூடாது.

வலைக் கம்பத்துக்கு வெளிப்புறமாக, வலை உயரத்துக்குக் கீழே வளைந்து போய் உள்ளே விழும் பந்தும் செல்லும். கால்களுக்கு நடுவே அடிப்பது, முதுகுக்குப் பின்னால் அடிப்பது, கை மாற்றுவது எல்லாம் செல்லும். ராக்கெட்டைத் தூக்கி எறிந்து பந்தை அடித்தால் மட்டும் புள்ளி போய்விடும், பந்து படும்போது அது கையில் இருக்க வேண்டும். ஒரே வீச்சில் தெரியாமல் இரண்டு முறை பட்டால் பரவாயில்லை, வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினால் போச்சு.

ஏன் இப்போது அப்படி ஆடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்?

முதல் காரணம் ஸ்ட்ரிங். 1997-ல் குஸ்தாவோ குர்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு ரோலான் காரோஸை வென்றதற்குப் பிறகு அது பரவியது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் டாப்ஸ்பின் பந்தை உள்ளே இறக்கிவிடும் வசதி வந்தது. முழங்காலுக்குக் கீழே வந்த ஸ்லைஸையும் இப்போது தூக்கி விளாசலாம். சாஃபின் குனிந்து தவித்த பந்துக்கு இன்றைய பையன்கள் சிரமமில்லாமல் பதில் சொல்கிறார்கள்.

இரண்டாவது தரை. விம்பிள்டன் 2001-ல் முழுக்க ரைகிராஸ் புல்லுக்கு மாறியபின் பந்து அங்கே முன்பைவிட நன்றாக எழும்புகிறது. வழுக்கும் தரை வெட்டி ஆடுபவனின் தோழன்.

பயிற்சியும் ஒரு காரணம். பத்து வயதுப் பையன் இரண்டு கையால் ஃபோர்ஹேண்ட் ஸ்லைஸ் போட்டால், எந்தப் பயிற்சியாளரும் மறுநாளே ஒரு கையை எடுக்கச் சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த ருசி வேண்டுமென்றால் யாரைப் பார்ப்பது?

மிக நெருக்கமானவர் தைவானின் ஷே சூ-வெய். இருபக்கமும் இரண்டு கை, எங்கே அடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தவர், 2021 ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையர் காலிறுதிவரை போனவர். ஓன்ஸ் ஜபூரின் டிராப் ஷாட்டுகள், அலெக்சாண்டர் புப்லிக்கின் குறும்பு சர்வ்கள், கோரன்டான் மூட்டேயின் கைவேலை எல்லாம் அந்த வரிசையில் வரும். கார்லோஸ் அல்கராஸ் டிராப் ஷாட்டைத் தாராளமாகப் போடுகிறார். ஆனால் அவருக்கு அது நூறு ஆயுதங்களில் ஒன்று. சான்டோரோவுக்குக் கையில் இருந்ததே அதுதான்.

பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

'சிறந்த அடிகள்' தொகுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதில் இருப்பது கடைசிப் பந்து மட்டும். அதற்கு முன் போட்ட ஏழு சாதாரணப் பந்துகளில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு முழு செட்டையாவது வெட்டாமல் பாருங்கள்.

முதல் ஐந்து கேம்கள் பந்தைப் பார்க்காமல் எதிராளியின் கால்களையே பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு காலும் பரந்து, தயாராக நிற்கும். இருபது நிமிடத்தில் குதிகால் தரையில் பதியத் தொடங்கும். அதற்கப்புறம் அவர் பந்துக்கு ஓடுவதில்லை, பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஓடுகிறார். அரை நொடித் தாமதம். அந்த அரை நொடி விழுந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மீண்டும் ஓட்டிப் பார்த்து, அதற்கு முந்தைய மூன்று பந்துகளின் உயரத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.